லாக்கப் கதவு இப்போது மோட்டார் கொட்டகையில் இருக்கிறது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கிளியனூர் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் காலத்துப் போலீஸ் ஸ்டேஷனைத் தேடிப் போனேன். இடித்துவிட்டார்கள் என்று தெரிந்தேதான் போனேன். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, நெல் கடத்தியதாக அப்பாவின் தாத்தா முனியனை அங்கேதான் அடைத்துவைத்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். "அவரு திருடலைன்னு ஒரு காகிதமாவது கெடைக்குதா பாரும்மா" என்று அப்பா கேட்டிருந்தார்.

விழுப்புரத்தில் காலை 7.10-க்குப் பஸ் ஏறினேன். திண்டிவனம் 38 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 35 ரூபாய். அங்கிருந்து கிளியனூருக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. (8.40 பஸ்ஸை நம்ப வேண்டாம். எனக்கு 9.25-க்குத்தான் வந்தது.) பிறகு ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 20 ரூபாய்.

"அந்த ஸ்டேசன இடிச்சி ரெண்டு வருசம் ஆவுது. வெறும் மண்ணப் பாக்கவா இம்மாந்தூரம் வந்த?" என்று சிரித்த டிரைவர், இறக்கிவிடும்போது வழி சொன்னார். "நேரா போம்மா. நெல்லுத் திருடன் வூடு பாழா கெடக்கும். அத்தத் தாண்டி லெஃப்டு."

அது முனியனின் வீடு. அப்பா பிறந்தது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் 'நெல்லுத் திருடன்' என்றே கூப்பிட்டதால் ஏழாவதோடு நின்று விழுப்புரம் வந்தவர். நான் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஸ்டேஷன் இருந்த இடத்தில் கருவேல முள்தான். பக்கத்துக் கழனியில் மல்லாட்டைக்கு (வேர்க்கடலைதான்) தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். இடித்த சாமான்களை ஏலம் விட்டபோது லாக்கப் கம்பிக் கதவை வாங்கித் தன் மோட்டார் கொட்டகைக்கு மாட்டியிருக்கிறார். "வெள்ளக்காரன் இரும்பும்மா. துருவே புடிக்கல பாரு."

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கே ஒரு கழனி பிரிட்டிஷ், அடுத்தது பிரெஞ்சு என்று பின்னிக் கிடக்கும். போர் வந்ததும் நெல்லை எல்லை தாண்டி எடுத்துப்போகத் தடை வந்தது. கதவின் கதையைக் கழனிக்காரரே சொல்லத் தொடங்கினார்.

"முனியன்னு ஒருத்தன். எங்க களத்துல அறுப்புக் கூலி நெல்லத் தூக்கிக்கினு குறுக்கு வரப்புல வூட்டுக்குப் போயிருக்கான். நடுவுல ரெண்டு கழனி பிரெஞ்சுக்காரனோடது. கடத்துறான்னு புடிச்சிட்டாங்க. சாலையில சுத்திப் போயிருந்தா வம்பே இல்ல. முட்டாப் பய!" சிரித்தார்.

"அப்ப அவர் திருடலைங்களா?" அவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது.

"ஏது திருடறது? எங்க தாத்தா தன் கையால அளந்து போட்ட நெல்லு. வந்து சொல்லுங்க சாமின்னு அவன் பொண்டாட்டி அழுதாளாம். யுத்த நேரத்துல ஒரு கூலிக்காரனுக்காக ஸ்டேசன் படி யாரு ஏறுவா? ஆறு மாசம் கழிச்சி வந்தான். நெல்லுத் திருடன்ற பேரு நின்னுபோச்சி." வாய்க்கால் மடையை மாற்றிவிட்டு வந்து கேட்டார்: "நீ யாரு பொண்ணு?"

"விழுப்புரங்க."

"விழுப்புரத்துல எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கங்க."

"சரி, உள்ள போய் நில்லு. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துக்குறாங்க."

மறுக்கத் தெரியாமல் உள்ளே போனேன். கதவைச் சாத்திவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு, "கம்பியப் புடிச்சிக்க, அப்பத்தான் கைதி மாதிரி இருக்கும்" என்றார். பிடித்தேன். நடுவில் இரண்டு கம்பிகள் மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தன.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்குப் போன் செய்தேன். "காகிதம் இல்லப்பா. ஆனா அந்தக் களத்துக்காரரோட பேரனே சொன்னாரு, கூலி நெல்லுதான்னு."

"நீ யாருன்னு சொன்னியா?"

"இல்லப்பா."

"சாப்ட்டியா?" என்றார் அப்பா.

போக நினைப்பவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப ஆட்டோ ஐந்து மணி வரைதான். கதவைப் பாருங்கள், உள்ளே நிற்க வேண்டாம். வழி கேட்கும்போது மட்டும், முனியன் வீடு எது என்று கேளுங்கள். அவர்களுக்குப் புரியாது. இரண்டாவது தடவையும் அப்படியே கேளுங்கள்.