உள்ளே சுரண்டிய மட்டை

என் இடது கன்னத்துக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. துபாயில் பேஸ்பால் ஆடி வாங்கிக்கொண்டது.

மதுரையில் கல்லூரி கிரிக்கெட்டில் என்னைப் பந்து போட விட்டதில்லை. முழங்கை மடங்குகிறது, எறிகிறான் என்று அம்பயர்கள் நிறுத்திவிடுவார்கள். துபாய்க்கு வேலைக்கு வந்தபின், ஆபீஸில் பக்கத்து மேசையில் இருந்த பிலிப்பினோ நண்பர் ஒரு சனிக்கிழமை காலை பேஸ்பாலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே எறிவதுதான் வேலை. சில மாதங்களிலேயே அணிக்குப் பந்தெறியும் பிட்ச்சர் நான். என் பந்தைப் பிடிக்கும் கேட்சர் அவர்.

எதிரணி கேப்டன் சென்னைக்காரர். கம்பெனி ஒன்றில் பெரிய மேனேஜர், கனத்த உடம்பு. அவரிடம் ஒரு கறுப்பு ஃபைபர் மட்டை இருந்தது. அதன் உள்சுவரைச் சுரண்டி மெலிதாக்கியிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் செய்தால் பந்து பட்டதும் மட்டை உள்ளே அமுங்கி, பந்தை உதைத்துத் தள்ளும். மட்டைக்கென்று எங்கள் லீக்கில் அப்போது எந்த விதியும் கிடையாது.

ஒருநாள் அவர் அடித்த பந்து நேராக என் முகத்துக்கு வந்தது. வந்தது என்று சொல்கிறேனே தவிர, நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கன்ன எலும்பு நொறுங்கியது, இரண்டு பற்கள் போயின.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “கிளவுஸ முகத்துக்கு முன்னாடி வெச்சிருக்கணும் தம்பி. கிரிக்கெட் ஆடினவங்களுக்கு அந்த ரிஃப்ளெக்ஸ் வராது” என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, யாரோ போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். “அந்த அடியில எங்களுக்கு ரெண்டு ரன் வந்துச்சும்மா.”

என் வாய் நிறையப் பஞ்சு. அந்த மட்டையை ஒழித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆட முடியாத அந்த மாதங்களில், வேறு நாடுகளில் மட்டைக்கு வைத்திருக்கும் விதிகளை எல்லாம் தேடிப் படித்தேன். லீக் கமிட்டிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றோடும் என் எக்ஸ்ரேயை இணைத்தேன்.

“சாரின்னு ஒரு வார்த்தை சொல்லாத ஆளுக்காக எத்தன ராத்திரி கண்ணு முழிப்பீங்க? விட்டுத் தொலைங்களேன்” என்றாள் மனைவி.

“சாரி சொல்லியிருந்தா விட்டிருப்பேன்” என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த சீசனில் விதி வந்தது. பந்தை அளவுக்கு மீறித் துள்ள வைக்காத, முத்திரை உள்ள மட்டைகளுக்கு மட்டுமே அனுமதி. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு மட்டையையும் ஒரு கருவியில் வைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். சீக்கிரம் அமுங்கினால் வெளியே. அந்த வேலையை யார் செய்வது என்று கமிட்டி கேட்டபோது நான்தான் கை தூக்கினேன்.

முதல் சனிக்கிழமை கறுப்பு மட்டையோடு வந்தார். இறுக்கினேன். கருவியின் முள் கொஞ்சம் ஏறியதுமே மட்டை அமுங்கிவிட்டது.

“நம்ம ஊர்க்காரன்தானே நீ? பாத்து விடு தம்பி.”

“மாஃபி சார். ஹலாஸ்” என்றேன். கிடையாது, முடிந்தது என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் அரபி. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கட்டைவிரலால் நிதானமாகத் தேய்த்துவிட்டேன்.

ஆட்டமே மாறிப்போனது. முன்பு எல்லோரும் வேலியைத் தாண்டி அடிப்பதற்காகவே நிற்பார்கள். ஓடத் தெரியாதவர்கூட ராஜா. இப்போது பந்து பாதி வழியிலேயே விழுந்தது. மட்டையை நீட்டி மெல்லத் தட்டிவிட்டு ஓடுகிறவர்களுக்கு மதிப்பு வந்தது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராமநாதபுரத்துக்காரர், சாரம் கட்டும் தொழிலாளி ஒருவரை, ஓட்டத்துக்காகவே அணியில் சேர்த்தோம்.

ஆனால் என் கேட்சர் நண்பரின் மட்டையும் தேறவில்லை. அவர் எதையும் சுரண்டவில்லை. அடித்து அடித்தே தளர்ந்துபோன மட்டை. வயது நாற்பத்தாறு, முழங்கால் வலி. தூர அடிப்பது ஒன்றுதான் அவர் பலம். “அவன் மேல இருக்கிற கோபத்துல என்னையும் சேத்துப் புதைச்சிட்ட” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதிலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். சில வாரங்களில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஆபீஸில் இப்போது வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

காயம் ஆறி நான் மறுபடி பந்தெறிந்த முதல் ஆட்டம் சென்னைக்காரரின் அணியோடுதான். பழைய மட்டையில் கைப்பிடி ஓரம் பட்டால்கூடப் பந்து பறக்கும். அதனால் அவர் உடம்பை ஒட்டி எறிய யாருக்கும் துணிவில்லை. புது மட்டையில் அங்கே பட்டால் பந்து செத்துவிடும், அடித்தவர் கை அதிரும். மூன்று முறை அவர் ஆட வந்தார். ஒவ்வொரு பந்தையும் அவர் விரல்களுக்குப் பக்கத்திலேயே எறிந்தேன். இரண்டாம் முறை கையை உதறிக்கொண்டே திரும்பிப் போனார்.

மூன்றாம் முறை பந்து மெதுவாக உருண்டு என்னிடமே வந்தது. அவர் முதல் பேஸை நோக்கி ஓட ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் பந்து அங்கே போய்விட்டால் அவுட்; உடனே எறிந்திருந்தால் பாதியிலேயே நின்றிருப்பார். நான் எறியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்தேன். “எறிப்பா, எறி” என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். இன்னும் இரண்டே எட்டுதான் என்றபோது எறிந்தேன். அவுட்.

ஆட்டம் முடிந்ததும் கை நீட்டினார். “நல்லா போட்டீங்க சார்.” தம்பி இல்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

காரில் மனைவி கேட்டாள். “இப்பத் திருப்தியா?”

“இந்த சீசன்ல அவங்களோட இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு” என்றேன்.