முத்துராணி மூடியைத் திறந்த நாள்

முத்துராணிக்கு அந்த மீனைப் பிடிக்காது. ஆனால் ஒன்பது வருஷமாக அதற்கு இரை போட்டவள் அவள்தான்.

கொக்கிரகுளத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைக்கு அவள் அட்டெண்டர். கணவன் அதே வேலையில் இருந்து மாரடைப்பில் போனதும் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். தவளைத் தொட்டி கழுவுவாள், எலும்புக்கூட்டில் விரல் கழன்றால் கம்பி வைத்துக் கட்டுவாள். எதற்கும் முகம் சுளித்ததில்லை. இந்த மீன் ஒன்றுதான் அவளுக்கு ஆகாது.

பேராசிரியர் பாக்கியசீலன் அதை ஜங்ஷனில் ஒரு வண்ணமீன் கடையில் வாங்கி வந்தபோது விரல் நீளம் இருந்தது. ஆப்பிரிக்க நுரையீரல் மீன். இப்போது மூன்றடி. விலாங்கு போன்ற உடம்பில் நான்கு துடுப்புகளும் நூலாகத் தொங்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மேலே வந்து காற்றை இழுக்கும். பக்கத்தில் ஓர் ஆள் பெருமூச்சு விட்டது போல இருக்கும். அறையில் தனியாக இருக்கையில் அவள் எத்தனையோ முறை திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

வருஷா வருஷம் பாக்கியசீலன் புதுப் பிள்ளைகளைத் தொட்டியைச் சுற்றி நிறுத்துவார்.

“மொதல்ல இதப் பாத்த விஞ்ஞானிகள் மீனா, தவளைச் சாதியான்னு சண்டை போட்டிருக்காவ. துடுப்பு தோள்ல சேருத இடத்துல ஒத்தை எலும்பு, நம்ம மேற்கை மாதிரி. கரையேறி நாலு கால் வச்ச நம்ம முன்னோருக்கு, இன்னைக்கு உயிரோட இருக்க மீன்கள்ல இதான் கிட்டத்துச் சொந்தம். டைனோசருக்கு ரொம்ப முந்தியே வந்திட்டு. அதுக போச்சு, இது கிடக்கு.”

பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். முத்துராணி தொட்டியின் மரமூடியைப் போட்டு அதன்மேல் கருங்கல்லைத் தூக்கி வைப்பாள்.

2023 டிசம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவில்லை. மத்தியானம் வாட்ச்மேன் அம்மையப்பன் போன் செய்தார். “எம்மா, ஆத்துத் தண்ணி காம்பவுண்டுக்குள்ள வந்திட்டு. உங்க ரூமுக்கும் ஏறுது.”

அவள் பாதி வழி ஆட்டோவிலும் மீதி வழி தண்ணீரிலுமாகப் போய்ச் சேர்ந்தாள். அறையில் முழங்கால் அளவு நின்றது. மைக்ராஸ்கோப்புகளை இருவருமாக மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பளவு ஆகிவிட்டது. தொட்டிக் கண்ணாடியின் பாதி உயரத்துக்கு வெளியேயும் செந்தண்ணீர். அவள் நாகர்கோவிலில் இருந்த பாக்கியசீலனைக் கூப்பிட்டாள்.

“மூடிய மட்டும் எடுத்திராதீங்க,” என்றார் அவர். “ஆத்துக்குள்ள போச்சுன்னா பிடிக்க முடியாது. வெளிநாட்டுக் கெளுத்தி நம்ம குளத்த என்ன செஞ்சிதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“தண்ணி மூடிக்கு மேல ஏறிட்டுன்னா அது எப்படி சார் மூச்சு விடும்?”

“விடாது. முங்கிச் செத்துரும்.” அதோடு லைன் அறுந்துபோனது.

பிடிக்காத மீன்தான். ஆனாலும் கண்ணாடிக்குள் அது முட்டி முட்டிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. கல்லை இறக்கினாள். சாக்கை விரித்து மீனை வளைத்து எடுக்கையில் அது அவள் உள்ளங்கையைக் கவ்வியது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிவரை சுமந்தாள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, பலகையால் மூடி, அதன்மேல் புத்தகக் கட்டை வைத்தாள்.

அன்று ராத்திரி இருவரும் மாடியிலேயே மாட்டிக்கொண்டார்கள். வெகுநேரம் கண் விழித்துப் பார்த்திருந்தவள் கடைசியில் அயர்ந்துவிட்டாள். விடிந்தபோது பலகை சரிந்து கிடந்தது. தொட்டியிலிருந்து வராந்தாக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளிவரை வழவழவென்று ஒரு கோடு. மாடித் தரைக்குக் கீழே மூன்றடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பாக்கியசீலன் வந்தார். அவள் வீங்கிய கையோடு நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. மீன்வளத் துறைக்குக் கடிதம் எழுதினார். “ஒத்தை மீன்தான். சோடி இல்லாம பெருகாது,” என்றார்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. மீன் வாங்கிய கடைக்கே போய் விசாரித்தாள். கடைக்காரர் ஹனீன் யோசித்துச் சொன்னார்: “நம்ம கடையில மட்டும் பதினோரு மீன் போயிருக்கும்மா. சிந்துபூந்துறையில ஒருத்தர் ரெண்டு வச்சிருந்தாரு. அவரு வீடு மாடிவரைக்கும் முங்கிட்டு.”

அதன் பிறகு லீவு நாட்களில் அவள் பஸ் ஏறி ஆற்றுப்போக்கில் கீழே போனாள். குளத்துக்குக் குளம் மீன் பிடிப்பவர்களிடம் செல்போனில் படத்தைக் காட்டி நம்பரைக் கொடுத்தாள். சிலர் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை.

2025 ஆகஸ்டில் ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து இசக்கிமுருகன் என்பவர் கூப்பிட்டார். “அக்கா, குளம் வத்திட்டு. சேத்துல பெருவிரல் மொத்தத்துக்கு ஓட்டை கிடக்கு. நண்டு ஓட்டை மாதிரி இல்ல. சுத்தி மண்ணே தள்ளல.”

மறுநாள் காலையில் பாக்கியசீலனும் அவளும் போனார்கள். குளம் வெடித்துக் கிடந்தது. இசக்கிமுருகன் மண்வெட்டியால் பைய வெட்டினார். ஒன்றரையடி ஆழத்தில், காய்ந்த வெங்காயத் தோல் போன்ற ஓர் உறை வந்தது. வறட்சி வந்தால் இந்த மீன் மண்ணைக் குடைந்து போய், தன் வழுவழுப்பையே உறையாக்கிக்கொண்டு, மழை வரும்வரை மாதக்கணக்கில் உறங்கும் என்று பாக்கியசீலன் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு உறையைக் கிழித்தார்.

உள்ளே வாலால் கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தது. உயிர் இருந்தது.

“நம்ம மீன் இல்லையே சார்,” என்றாள் முத்துராணி. “இது ஒரு சாண்கூட இல்ல.”

அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். “நம்ம மீன் இல்ல,” என்றார். “வெள்ளத்துல போனதுன்னா இந்நேரம் பெருசா வளந்திருக்கும். இது இங்கன பொறந்தது.”

இசக்கிமுருகன் நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டு மடையைக் காட்டினார். “அந்தால இன்னும் ஏழெட்டு ஓட்டை கிடக்கு சார். அதுக்கு அங்கிட்டு நான் எண்ணல.”

முத்துராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இசக்கிமுருகன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மடையைப் பார்த்து நடந்தாள்.