கானா ஸ்டாலுக்கு நான் செஞ்ச கதவு

மொதல்லயே சொல்லிடுறேன், பேய் பிசாசுன்னு பயப்படுற ஆள் நான் இல்ல. துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்ல ஒருத்தர் தூக்கத்துலயே செத்துப் போனாரு, அந்தக் கட்டில்ல யாரும் படுக்க மாட்டேன்னுட்டாங்க. ஃபேனுக்கு நேர் கீழ இருந்த கட்டில், அத ஏன் விடணும்? நான்தான் போய்ப் படுத்தேன். ரெண்டு வருசம் நிம்மதியாத் தூங்கினேன். அப்படிப்பட்ட நான் சொல்றேன். நம்புனா நம்புங்க, இல்லன்னா டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போங்க, எனக்கு ஒண்ணும் நட்டம் இல்ல.

ரெண்டாயிரத்து ஆறு வாக்குல நடந்தது. எனக்கு ஊரு புதுக்கோட்டைப் பக்கம், தச்சு வேலை. அப்ப துபாய்ல கண்காட்சிக்கு ஸ்டால் அடிக்கிற ஒரு கம்பெனியில இருந்தேன். குளிர் காலம் வந்தா ஊருக்கு வெளிய மணல்காட்டுல பெரிய கண்காட்சி போடுவாங்க, நாட்டுக்கு ஒரு ஸ்டால். அந்த வருசம் என்னையும் பெயிண்டர் சலீம் பாயையும் கானா ஸ்டாலுக்குப் போட்டாங்க. சலீம் பாய் பாகிஸ்தான் பெஷாவர்க்காரரு, நல்ல மனுசன், பேச்சு கம்மி, என்னையும் பாய்னுதான் கூப்பிடுவாரு. கானான்னா ஆப்பிரிக்காவுல மேற்குக் கடலோரம் இருக்கிற நாடு. எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும்.

ஸ்டாலுக்குப் பொறுப்பா அந்த நாட்டு அம்மா ஒருத்தங்க வந்திருந்தாங்க, பேரு எசி. ஐம்பது வயசு இருக்கும். நாங்க சிஸ்டர்னு கூப்பிடுவோம். அவங்க ஊர்ல டூரிஸ்ட்டுங்களுக்கு இடம் சுத்திக் காட்டுற கைடா இருந்தவங்க. நான் சுவத்துல ஒவ்வொரு போட்டோவா மாட்ட மாட்ட, அது என்ன இடம்னு எனக்கே கைடு மாதிரி சொல்லுவாங்க. பெரிய காட்டுக்கு மேல, மரத்துக்கு மரம் கயித்துல தொங்குற பாலம், ஒரே ஒரு பலகை அகலம், நம்ம சாரத்துப் பலகையேதான். அதுல நடக்குறதுக்கு வெள்ளக்காரன் காசு குடுத்து வர்றானாம், நான் காசு வாங்கிட்டு தினமும் நடக்குறேன்னு சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வடக்க மோலேன்னு ஒரு காடு, யானை தண்ணி குடிக்க வர்றத மேல மேட்டுல உக்காந்தே பாக்கலாமாம். அதுக்குப் பக்கத்துல மண்ணுல கட்டுன வெள்ளப் பள்ளிவாசல், சுவத்துல இருந்து குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நிக்குது. சலீம் பாய் அந்தப் போட்டோவ மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் வோல்ட்டான்னு ஒரு ஏரி, முழுகிப்போன மரத்தோட நுனி மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது.

கடைசியா ஒரு கோட்டை. கேப் கோஸ்ட்ங்கிற ஊர்ல, கடலை ஒட்டி வெள்ளையா. அதான் ஸ்டாலோட பின்சுவர் பூரா. அதுல ஒரு கதவு இருக்கு, அதே மாதிரி நீ செய்யணும்னு போட்டோவக் குடுத்தாங்க. என்ன கதவு சிஸ்டர்னேன். அப்பத்தான் சொன்னாங்க, அந்தக் காலத்துல அடிமையாப் பிடிச்ச சனங்கள கீழ இருட்டு அறையில மாசக்கணக்கா அடைச்சு வெச்சு, இந்தக் கதவு வழியாத்தான் கப்பலுக்கு ஏத்துனாங்களாம். போனவங்க யாரும் திரும்புனதில்ல. அதனால திரும்பா வாசல்னே பேரு. இப்ப டூரிஸ்ட் அந்தக் கதவத் தொட்டுட்டு அழுவாங்களாம். சொல்லும்போது சிரிப்பு எதுவும் இல்ல அவங்க முகத்துல.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க பாஸ்போர்ட்டும் அப்ப கம்பெனி பெட்டியிலதான். அதையும் இதையும் ஒண்ணாச் சொல்லல, எனக்குச் சம்பளம் இருந்துச்சு, லீவுல போக ஊர் இருந்துச்சு. ஆனாலும் ஒரு கதவுக்கு வெளிய போறது நம்ம கையில இல்லன்னா எப்படி இருக்கும்னு கொஞ்சமாவது தெரியுமில்ல. அந்தக் கதவ நான் ஒழுங்காச் செஞ்சேன். ரெட்டைக் கதவு, நிலை, கீல் எல்லாம் பாத்துப் பாத்து. சலீம் பாய் பழைய மரம் மாதிரியே பெயிண்ட் அடிச்சாரு. கதவுக்குப் பின்னாடி ஒண்ணரை அடி எடம் விட்டு ஒரு ப்ளைவுட் ஷீட், அதுல கடல் படம். அவ்ளோதான். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல்.

வியாழக்கிழமை சாயங்காலம் தரைக்குக் கல்லு நிறத்துல பெயிண்ட் அடிச்சுட்டு, முன்னாடி தார்பாய் கட்டிட்டு கேம்ப்புக்குப் போயிட்டோம். காலையில வந்து தார்பாயத் தூக்குனா, தரை பூரா காலடி. செருப்பில்லாத காலு. பெருசு, சிறுசு, கொழந்தைங்க காலு கூட. எல்லாம் கதவப் பாத்துப் போகுது. திரும்பி வர்ற காலடி ஒண்ணு கூட இல்ல. சில காலடி பக்கத்துல எதையோ இழுத்துட்டுப் போன மாதிரி கோடு வேற.

சூப்பர்வைசர் ஜோசப் வந்து கத்துனாரு. "யார்றா உள்ள வந்து ஆட்டம் போட்டது? சாயங்காலம் தொறப்பு. மறுபடி அடிங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சு, ரெண்டு பேரு விசாவையும் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்."

மறுபடி அடிச்சோம். வெள்ளிக்கிழமை, சலீம் பாய் தொழுகைக்குக் கெளம்புனாரு. "பாய், நீயும் வா. இங்க உக்காராத"ன்னாரு. நான் போகல. எவன் விளையாடுறான்னு பாத்துருவோம்னு, பெயிண்ட் டப்பாவக் கவுத்துப் போட்டு ஓரமா உக்காந்தேன். நல்ல உச்சி வெயில், பட்டப்பகல். சுத்தி எந்த ஸ்டால்லயும் ஆள் இல்ல, எல்லாரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல பெயிண்ட் வாடை போயி வேற வாடை வந்துச்சு. கடல் வாடை. ஈரக் கயிறு, மீன், மனுச வேர்வை எல்லாம் சேந்த வாடை. அங்கருந்து கடலுக்கு எவ்ளோ தூரம்னு நெனச்சீங்க? கதவு இடுக்குல இருந்து சில்லுனு காத்து வருது. அப்புறம் பாத்தேங்க, என் கண்ணால பாத்தேன், என் முன்னாடி அந்த ஈரப் பெயிண்ட் அமுங்குது. ஒரு குதிகால், அப்புறம் விரல். ஆள் இல்ல, காலு இல்ல, அமுங்குறது மட்டும்தான். ஒண்ணு பின்னால ஒண்ணு, மெதுவா, கதவுகிட்டப் போயி நின்னுருது. பின்னால வர்றது முன்னால நிக்கிறதுல முட்டிக்கிட்டு, வாசல்ல காலடி மேல காலடி. போக எடம் இல்ல. நான்தான ஒண்ணரை அடியில ஷீட்ட அடிச்சு வெச்சிருக்கேன்.

ஓடியிருக்கணும்னு நீங்க சொல்வீங்க. எனக்குப் பயம் வரல, சத்தியமா வரல. கோவம்தான் வந்துச்சு. யார் மேலன்னு கேட்டா தெரியாது. அப்ப அடைச்சு வெச்சதும் பத்தாதுன்னு, இங்க வந்து போட்டோவுக்கும் அடைச்சு வெக்கிறோமேன்னு இருந்துச்சு. சுத்தியல எடுத்துக்கிட்டு அந்த ஈரப் பெயிண்ட்லயே நடந்து போயி, கதவத் தெறந்து, கடல் படத்த ஓங்கி ஓங்கி அடிச்சேன். ஆணி பிடுங்கிட்டு ஷீட் அப்படியே வெளிப்பக்கம் சாஞ்சுருச்சு. வெயில் உள்ள கொட்டுச்சு. "போறவங்க போங்க, வர்றவங்க வாங்க, இங்க யாரும் யாரையும் அடைக்கல!"ன்னு தமிழ்ல கத்துனேன். அவ்ளோதான் சொன்னேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

காத்து நின்னுருச்சு. வாடையும் போயிருச்சு. வெளிய எட்டிப் பாத்தேன், காத்தடிச்ச மணல், ஒரு காலடி கூட இல்ல. போனவங்க எங்க போனாங்க? தெரியாது.

திரும்பிப் பாத்தா தார்பாய் ஓரத்துல எசி சிஸ்டர் நிக்கிறாங்க, பின்னாடியே சலீம் பாய், ஜோசப். ஜோசப் நேரா எங்கிட்ட வந்து, "பைத்தியமா உனக்கு? இப்பவே ஷீட்ட நிமித்தி அடி, இல்ல இன்னிக்கே கேன்சல்"னாரு.

"கேன்சல் பண்ணிக்கங்க சார். நான் அடிக்க மாட்டேன். வேற யாரையும் அடிக்கவும் விட மாட்டேன்."

சுத்தியல் கையிலதான் இருந்துச்சு. அவர அடிக்கிறதுக்கு இல்ல, கீழ போடத் தோணல, அவ்ளோதான். சலீம் பாய் வந்து எம் பக்கத்துல நின்னாரு, புதுச் செருப்பு பெயிண்ட்ல பதிய. அப்ப எசி சிஸ்டர் ஜோசப்கிட்ட சொன்னாங்க, "நான்தான் அவரை எடுக்கச் சொன்னேன். என் ஸ்டால், எனக்கு இப்படித்தான் வேணும். எங்க ஊர்லயும் அந்தக் கதவுக்குக் கடல் பக்கம் திரும்பி வர்ற வாசல்னு எழுதி வெச்சிருக்கோம்." எடுக்கச் சொன்னேன்னது பொய்தான், அவங்க எங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல. ஆனா ஜோசப் கேன்சல் பேச்ச விட்டுட்டாரு. தரையில காலடிங்களப் பாத்துட்டு அதுக்கப்புறம் அந்த ஸ்டாலுக்குள்ள அவர் காலே வெக்கல.

அந்த சீசன் பூரா சனங்க அந்தக் கதவு வழியா வெளிய போயி, மணல்ல நின்னுட்டு, அதே வழியா உள்ள வந்தாங்க. தரைய மறுபடி அடிக்க விடல சிஸ்டர். எனக்கும் கேன்சல் வரல. அதுக்கப்புறம் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ சைட் பாத்துட்டேன், இப்ப துபாயத் தாண்டி புஜைராவுல இருக்கேன். மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க, கட்டல. எதுக்குக் கட்டணும்? நான் யாருக்கும் கெடுதல் பண்ணல.

ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டால் பிரிக்கிற அன்னிக்கு சிஸ்டர் என்னையும் சலீம் பாயையும் ஓரமாக் கூப்பிட்டு எங்கிட்டக் கேட்டாங்க, "எங்க ஊர் பாஷைய எங்க கத்துக்கிட்ட?"

"எனக்கு உங்க பாஷை ஒரு வார்த்தை தெரியாது சிஸ்டர்."

"அன்னிக்குத் தார்பாய்க்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். எங்க பாஷையில அரை மணி நேரம் பேசுன."

நான் கத்துனது ஒரே ஒரு வரி, அதுவும் தமிழ்லன்னு சொன்னேன். சலீம் பாயப் பாத்தேன். அவரும் தலையாட்டுறாரு, நீ ரொம்ப நேரம் பேசுன பாய், எனக்குப் புரியல, ஆனா உன் குரல்தான்னு. சரி, என்ன சொன்னேன், அதையாவது சொல்லுங்க சிஸ்டர்னு கெஞ்சுனேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, ஆனா சொல்லல. விமானம் ஏறிப் போயிட்டாங்க.

பேய்க்கு நான் பயப்படல, இன்னிக்கும் இல்ல. ஆனா அந்த அரை மணி நேரம் என் வாயால நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது பாருங்க.