பேராசிரியருக்கு அரைப்பேர்

ஒரு வருடமாகக் குளியலறையில், தலையில் சோப்பு நுரையோடு, தண்ணீர் வாளியைப் பார்த்து ஆங்கிலத்தில் வசைபாடிப் பழகினேன். ஐம்பது தாண்டியவன் செய்கிற காரியமில்லைதான். வாளி ஒருமுறையும் எதிர்த்துப் பேசாததால் என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது.

வாளியின் இடத்தில் நான் பார்த்தது ஒரு பேராசிரியரை. நினைவிழப்பு நோய் ஆய்வாளர்கள் வருடாவருடம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். போன வருடம் அங்கே அவர் என் அப்பாவின் வீடியோவைத் திரையில் போட்டார். அப்பா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்காக இருந்தவர். இப்போதும் விடிந்ததும் வாசலில் நின்று பெரட்டு எடுப்பார், வேலைக்கு வந்த ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிவது. எதிரே ரோஜாச் செடிகள்தான் நிற்கும். அவற்றைப் பிரித்து மலைக்கு மலை வேலைக்கு அனுப்புவார். சபை சிரித்தது. படமெடுக்கச் சம்மதித்த நான் கடைசி வரிசையில் கேக் தின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

இந்த வருடம் குடும்பத்தினர் பேசவும் நேரம் ஒதுக்கி என்னை அழைத்தார்கள். அப்பாவையும் கூட்டிப்போனேன். அவர் கண்முன்னாலேயே பேராசிரியரைக் கிழிப்பதாகத் திட்டம்.

தேநீர் இடைவேளை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குள் போக வரிசையாக நின்றார்கள். வரிசையைக் கண்டதும் அப்பா எழுந்து கதவடியில் போய் நின்றார். ஒவ்வொருவராகத் தலையசைத்து உள்ளே விட்டார். எல்லோரும் போன பிறகு, போனில் பேசியபடி பேராசிரியர் வந்தார். அப்பா கையை நீட்டி மறித்தார்.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ."

தமிழ் தெரியாத பேராசிரியர் என்னைப் பார்த்தார். வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக நான் மொழிபெயர்த்ததில்லை. அவர் சிரித்தபடி நுழையப் பார்த்தார். அப்பா அசையவில்லை. பிந்தி வந்தவர் கெஞ்ச வேண்டும், தோட்டத்து வழக்கம் அது என்றேன். கெஞ்சும் வாசகத்தையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

"தப்புதாங்க, கண்டாக்கையா" என்றார் மெல்ல.

அப்பாவுக்குக் காது மந்தம் என்றேன். பச்சைப் பொய். இரண்டாம் முறை மண்டபம் முழுக்கக் கேட்டது. சபை சிரித்தது, அதே சபை, அதே சிரிப்பு. கையைக் கட்டிக்கொள்ளவும் சொன்னேன். கட்டிக்கொண்டார்.

"சரி போ. அரப்பேருதான் போடுவேன்" என்று அப்பா வழிவிட்டார். அதாவது, அரைநாள் சம்பளம்.

வாளியிடம் பழகிய உரைக்கு அதற்குமேல் வேலையில்லை. மேடையேறி நன்றி சொல்லி இறங்கிவிட்டேன்.

திரும்பும்போது வேனில், வட்டகொடை தாண்டும்வரை அப்பாவிடம் எங்கள் வெற்றியை விவரித்தேன். உங்களைப் பார்த்துச் சிரிக்க வைத்தவனை எப்படிக் கெஞ்ச வைத்தோம் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தாளு பிந்தியாச்சும் வந்தான். நீ யாருப்பா? ஒன்னயப் பெரட்டுப் பக்கமே காணலியே."