ஆத்துக்கு நடுவுல நிக்கிற கெணறு

நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும், இன்னொருத்தர் சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். திருமானூர் பக்கம் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறவ நான், பேய், ஆவின்னு பசங்க ஆரம்பிச்சா போதும், உக்காருன்னுடுவேன்.

எங்க ஊரு கொள்ளிடத்துக்கு நடுவுல இருக்கற ஒரு திட்டு. ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல கொஞ்சம் வூடுங்க, மக்காச்சோளம், கத்திரி, ஒரு சின்ன மாதா கோயில். கோடையில மணல்ல நடந்தே கரைக்கு வந்துடலாம், தண்ணி தொறந்துட்டா படகுதான். ஆறு மேற்கால மண்ண அறுத்துக்கிட்டே போவும், கெழக்கால மணலக் கொண்டாந்து சேக்கும். எங்க மாமனாரு பொறந்த தெருவே இப்ப ஆத்துக்குள்ளதான் இருக்கு. அந்தத் தெருக் கெணறு மட்டும் போவல, சுத்தியிருந்த மண்ணு கரைஞ்சி, செங்கல் கட்டு மட்டும் தூணு மாதிரி தண்ணிக்கு நடுவுல நிக்குது.

போன வெள்ளத்துல மாட்ட அவுத்து வுடப் போன எங்க வூட்டுக்காரரு ஆரோக்கியம் திரும்பி வரல. படகு வச்சித் தேடுனாங்க, கெடைக்கல. எனக்கு அழுவையே வரலங்க. சோறு வச்சா தின்னேன், படுன்னா படுத்தேன், அவ்ளோதான்.

தண்ணி வடிய ஆரம்பிச்சப்ப ஒரு மதியானம் அவரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்புடுவேன், "கரையோரமா பாத்துட்டு வருவோம் வா, எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பான்"னாங்க. போனோம். கெணத்துக்கு நேரா வந்தப்ப, கெணத்துக்குள்ள நின்னு ஒருத்தர் பேசுனா எப்புடி முழங்கும், அப்புடி அவரு குரலு. "ஸ்டெல்லா, அங்கயே நில்லு. வராத."

பயமெல்லாம் இல்லங்க. சொன்னாரு, நின்னேன். அண்ணி மட்டும் நிக்காம முன்னால போனாங்க, நான் கையப் புடிச்சி இழுத்தேன், அதே நேரம் அவங்க காலுக்கு முன்னாடி ஒரு ரூம் அளவுக்குக் கரை அப்புடியே ஆத்துக்குள்ள எறங்கிடுச்சி. பெருசா சத்தங்கூட இல்ல.

ரெண்டு பேரும் ஈர மண்ணுல உக்காந்துட்டோம். "உங்களுக்கும் கேட்டுச்சா அண்ணி, வராதன்னாரே"ன்னேன்.

அவங்க கெணத்தையே பாத்துக்கிட்டு, "வராதன்னு எங்க சொன்னான்? 'அக்கா, வா'ன்னுல்ல கூப்ட்டான்"னாங்க.

அவரு இன்னும் கெடைக்கல. அண்ணி இப்ப பெரம்பலூர்ல மக வூட்டுல இருக்காங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போன் பண்ணுவாங்க, மழை, வெள்ளாமைன்னு எல்லாம் பேசுவாங்க. போன வைக்கறதுக்கு முன்னாடி, கோவமே இல்லாம, ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. "அவன் என்னயத்தான கூப்ட்டான். நீ ஏன் ஸ்டெல்லா என் கையப் புடிச்ச?"