அண்ணனுக்குக் கிடைத்த பத்து நிமிடம்

போனை எடுத்ததும் முதலில் காதில் விழுவது அண்ணன் குரல் இல்லை. ஒரு பெரிய மின்விசிறியின் கடகட சத்தம், பின்னால் வரிசையில் நிற்கும் ஆட்களின் பேச்சு, யாரோ இருமுவது... அதற்குப் பிறகுதான், "பாப்பா, கேக்குதா?"

அண்ணன் சுரேஷ் ஓர் அடிதடி வழக்கில் மாட்டி, எங்கள் ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு சிறையில் இரண்டு வருடம் இருந்தான். நாங்கள் ஸ்கூடாயில். அவன் எந்த நாள் கூப்பிடுவான், எத்தனை மணிக்குக் கூப்பிடுவான் என்று தெரியாது. சிறையில் அவன் எழுதிக் கொடுத்திருந்த நம்பர் என்னுடையது. பத்து நிமிடம் ஆனதும் பாதிப் பேச்சில் லைன் கட்டாகிவிடும். நாங்கள் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

திரையில் தெரியாத நம்பராகத்தான் வரும். அதனால் தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்துத் தொலைக்க வேண்டும். காப்புறுதி விற்கிறவர், உங்கள் பேரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டுகிற மோசடிக்காரன்... இந்த நாட்டில் அத்தனை பேருக்கும் மரியாதையாக "ஹலோ" சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அம்மாவிடம் கொடுத்தால் வேறு தலைவலி.

"சாப்டியாய்யா? என்னா குடுத்தாங்க?"

அவன் சொல்வான். உடனே அழுகை. மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். வக்கீல் கேட்கச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று சைகையில் காட்டிக்கொண்டே இருப்பேன். ம்ஹூம்.

அப்பா பேசவே மாட்டார். அண்ணனைப் பிடித்துப் போன நாளிலிருந்து அவன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. ஆனால் போன் வந்தால் டிவி சத்தத்தை மட்டும் குறைத்துவிடுவார்.

ஒவ்வொரு முறையும் அண்ணன் கேட்பான். "அப்பா இருக்காரா?"

"வெளிய போயிருக்காரு லா."

"எப்ப பாரு வெளியவா?"

பதினோரு மாதம் இப்படியே பொய் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா கடைக்குப் போயிருந்தார். தலை ஈரத்தோடு ஓடி வந்தால், போன் அப்பா காதில்!

"பைக் சாவி எங்கடா வச்ச? பதினோரு மாசமா தேடுறேன். ஸ்டோர்ல அந்த பழைய டயர எல்லாம் எதுக்கு அடுக்கி வச்சிருக்க? பாம்பு வந்து குடியிருக்கவா?"

சாவி, டயர், மாற்றாமல் விட்ட இன்ஜின் ஆயில்... மொத்தப் பத்து நிமிடமும் திட்டு. நான் கை நீட்டியபடியே நின்றேன். லைன் கட்டானது.

எனக்கு வந்த கோபம்! "இத்தன மாசம் கழிச்சி பேசுறீங்க. சாவியதான் கேக்கணுமா?"

"வேற என்னா கேக்க சொல்ற?" என்றார். போனை மேசையில் வைத்தார். "குரல் தெம்பாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்த முறை அண்ணன், "கேக்குதா" என்றுகூடச் சொல்லவில்லை. "பாப்பா, அப்பாகிட்ட குடு."

அதன் பிறகு எட்டு நிமிடம் அப்பாவுக்கு. மிச்சம் இரண்டு எனக்கும் அம்மாவுக்கும். நியாயமா, சொல்லுங்கள்?

அண்ணன் வெளியே வந்து மூன்று வருடமாகிறது. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பட்டறையில் வேலை. நாள் முழுக்கக் கையில் போன். நேற்று அப்பாவைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போவது பற்றிக் கேட்க ஐந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"என்னா பாப்பா, மெசேஜ் போட்டா போதாதா?"

"சனிக்கிழம அப்பாவுக்கு கிளினிக். வர்றியா?"

"வரேன் லா. ஓகே, ஓகே."

பிறகு திரையைப் பார்த்தேன். பேசியது நாற்பது வினாடி. அப்போதெல்லாம் லைனைத் துண்டித்தது சிறை. நேற்று நாங்களே வைத்துவிட்டோம்.