கடைசிக் காம்பராவின் சாவிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவதில்லை. காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கடைசிக் காம்பராவின் கதவுக்குப் பின்னால் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டுப் போவோம். அது அழகமுத்து அண்ணன் வீடு. அவர் மனைவி தங்கம்மாக்கா இடுப்பு முடியாமல் போனபின் கொழுந்து எடுக்கப் போவதில்லை, எந்நேரமும் வீட்டில் இருப்பார். யாருடைய பிள்ளையாவது பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாலும், மழை வந்து யார் வீட்டு உடுப்பையாவது உள்ளே போடவேண்டியிருந்தாலும் அவர்தான் போய்த் திறப்பார். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிற வீட்டைப் பற்றி, அப்படி என்னதான் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சில் என் வாயும் சும்மா இருக்காது.

நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் மலையில் நிற்கும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். எங்கள் லயத்து ஹில்டாவின் மகள் சர்மிளாவும் என் தொட்டிலில் தூங்கி எழுந்தவள்தான். அழவே மாட்டாள். பால் போத்தலைக் கொடுத்தால் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரே ஒரு தடவை பார்க்காமல் விட்டாள்.

தகப்பன் யேசுதாசன் அவள் சிறுமியாக இருக்கும்போதே தவறிப்போய்விட்டார். தாய் ஹில்டா கொழுந்து எடுத்துத்தான் அவளைக் கஹவத்தையில் படிக்க வைத்தாள். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மெஷினுக்குள் ஓடுகிற ப்ரோகிராமை எழுதுவது அந்தக் கம்பனிதான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் அந்த மெஷின் வந்தது. கூடையைத் தராசில் வைத்தால் ஆளுடைய பெயரும் கிலோவும் அதில் ஏறும். முன்பு கணக்கப்பிள்ளை வாயால் சொல்வதுதான் கிலோ என்று இருந்தது. இப்போது பெண்கள், "நம்ம புள்ள எழுதுன மெஷினு, பொய் சொல்லாது" என்று மடுவத்தில் நின்று பெருமை பேசினார்கள். ஹில்டா அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஆனால் ஹில்டாவுக்கு இழுப்பு. மூச்சு வாங்கத் தொடங்கினால் பக்கத்தில் ஆள் வேண்டும். சர்மிளா கம்பனியிடம் கெஞ்சிக் கேட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி வந்தாள். ஒரே நிபந்தனை, இன்டர்நெட் அறுந்து அறுந்து போகக்கூடாது. போனால் திரும்பவும் கொழும்புக்கு வந்துவிட வேண்டும். தாயை விட்டுவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் மலைகள் மறைப்பதால் சிக்னல் கடைசிக் காம்பராவின் ஜன்னலில் மட்டும்தான் விழும். ஆகவே லயத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு ரவுட்டர் அந்த ஜன்னலில் இருந்தது. சாவியும் அங்கே, இன்டர்நெட்டும் அங்கே. மழை பெய்தால் அது செத்துப் போகும். இந்தப் பக்கத்தில் மழை பெய்யாத நாளைத் தேடத்தான் வேண்டும்.

அப்போதுதான் தினேஷ் என்ற ஒருவன் வந்தான். பெல்மதுளையில் கடை இருக்கிறது என்றான். தமிழும் சிங்களமும் கலந்து தேன் மாதிரிப் பேசினான், ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தான். தன்னிடம் ஒரு புதுப் பெட்டி இருக்கிறதாம், வேகமாம், பரீட்சார்த்தமாகச் சும்மா வைக்கிறானாம். என் வாய் கொஞ்சம் நீளம்தான். "சும்மா ஏன் வைக்கிறீங்க?" என்று கேட்டேன். சிரித்தான். கோபமே வராத மனிதர்களைக் கண்டால் எனக்குப் பயம். அழகமுத்து அண்ணன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார், பெட்டி ஜன்னலில் ஏறியது. பச்சை விளக்கு ஒன்று அதில் நிற்காமல் வெட்டி வெட்டி எரிந்தது.

அந்தப் பெட்டி வழியாகப் போக ப்ராக்ஸி என்று ஒன்றைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் எழுதிக்கொள்ள வேண்டும். பிற்பாடு சர்மிளா எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். நாம் அனுப்புவதெல்லாம் முதலில் அந்தப் பெட்டியின் கைக்குப் போய், அது வாங்கி அப்பால் அனுப்புமாம், பஸ் கொண்டக்டரிடம் பார்சல் கொடுத்தனுப்புவதைப் போல. பார்சல் ஒட்டியிருக்கும்வரை கொண்டக்டர் உள்ளே பார்க்க முடியாது. ஒட்டைப் பிரித்து வேறு ஒட்டுப் போட்டிருந்தால் நம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சத்தம் போடும். அதற்குத்தான் சான்றிதழைச் சரிபார்ப்பது என்று பெயர்.

அந்தச் சத்தம் போட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். பின்னேரம், நல்ல மழை. ஹில்டாவுக்கு இழுப்பு கூடியிருந்தது, கொத்தமல்லி அவித்துக் கொண்டு போயிருந்தேன். சர்மிளா திரையைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா புள்ள, மொகம் இப்படி இருக்கு?"

"வேலைய அனுப்ப முடியலக்கா."

அவர்கள் எழுதுவதையெல்லாம் கம்பனியில் ஒரு பொது இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதற்கு கிட் என்று ஒரு கருவி. யார் எதை மாற்றினாலும் மாற்றியவரின் பெயரோடும் நேரத்தோடும் அதில் பதிந்துவிடும். அன்றைய வேலை இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். கருவிக்கு அவள் புதுப் பெட்டியின் ப்ராக்ஸியை எழுதிக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகும் அது மறுத்தது.

"அந்தப் பக்கம் இருக்கிறது எங்க கம்பனிதானான்னு நம்ப முடியலன்னு சொல்லுதுக்கா. சான்றிதழ் சரியில்லையாம்."

"அப்போ கம்பனிக்கே கேளேன்."

"கேட்டா என்னா சொல்வாங்க? கனெக்ஷன் சரியில்ல, கொழும்புக்கு வான்னுதான் சொல்வாங்க. அம்மாவ இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

உள்ளே ஹில்டாவின் மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. சர்மிளா தினேஷுக்குக் கோல் எடுத்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல் அதே தேனாக வந்தது.

"அது ஒண்ணும் இல்ல நங்கி. நடுவுல நம்ம பெட்டி இருக்குதுதானே, அதான் அப்படிக் காட்டுது. சரிபார்க்கிறத நிப்பாட்டிடுங்க. எல்லா ஒபிஸ்லயும் அப்படித்தான் செய்றாங்க. பய வென்ன எப்பா."

தங்கச்சி என்று கூப்பிட்டு, பயப்படாதே என்று சிங்களத்தில் சொன்னான். பயப்படாதே என்று அவன் சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. சர்மிளா போனை வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நடுவுல யாருக்கா இருக்கா? தங்கம்மா அத்த வீடுதானே."

அந்த வார்த்தை எங்கள் லயத்துப் பிள்ளை மட்டும்தான் சொல்லக்கூடிய வார்த்தை. கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு நடுவில் இருப்பது பெட்டி. எங்கள் பிள்ளைக்கு நடுவில் இருந்தது தங்கம்மா அத்தை. எல்லார் வீட்டுச் சாவியும் தொங்குகிற இடத்திலிருந்து என்ன கெடுதி வரும்? சர்மிளா ஒரே ஒரு வரி தட்டினாள். இந்த ஒரு தடவைக்கு மட்டும் சரிபார்க்காதே என்று சொல்லவும் வழி இருந்ததாம். அவள் அவசரத்தில், இனி எப்போதுமே சரிபார்க்காதே என்று எழுதிவிட்டாள். கருவி பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தாள். வேலை போய்ச் சேர்ந்தது.

"திங்கக்கெழம மறுபடி மாத்தி வச்சிடுறேன்" என்றாள். திங்கட்கிழமை ஹில்டாவைக் கஹவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாற்றவில்லை.

அதன்பிறகு இன்டர்நெட் குதிரை மாதிரி ஓடியது. தினேஷ் அடிக்கடி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டான். பெட்டி எந்நேரமும் சுடுகிறது என்று தங்கம்மாக்கா சொன்னார். பூனைகூட அந்த ஜன்னலில் படுப்பதில்லை என்றும் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு மடுவத்தில் நின்றுபோனது. கொழுந்து எடுக்கிறவளுக்குத் தன் கூடையின் பாரம் முதுகிலேயே தெரியும், தராசு சொல்ல வேண்டியதில்லை. முதுகு ஒன்று சொன்னது, மெஷின் குறைத்துச் சொன்னது. முதல் நாள் மழை ஈரத்துக்குக் கழிக்கிறது என்று விட்டார்கள். வெயில் நாளிலும் அதே கதை. கணக்கப்பிள்ளை மெஷினைக் காட்டிக் கையை விரித்தார்.

"கூட கனக்குது, மெஷினுக்குக் கனக்க மாட்டேங்குது" என்றாள் கலைச்செல்வி. எங்கள் லயத்துக்காரிதான், நாக்கில் மிளகாய் தடவியவள். சொல்லிவிட்டு ஹில்டாவைப் பார்த்தாள். வரிசையில் நின்ற எல்லாரும் ஹில்டாவைப் பார்த்தார்கள். ஹில்டாவின் கூடையும் குறைத்துத்தான் நிறுக்கப்பட்டது, அதை யாரும் பார்க்கவில்லை.

அன்று ஹில்டா வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டாளாம்: "நீ என்னமும் செஞ்சியா பாப்பா?" பெற்றவளே கேட்ட கேள்வி அது. சர்மிளா கம்ப்யூட்டரைத் திறந்து, மாற்றங்கள் பதிந்திருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கூடையிலும் கழிக்கும் கிலோவை ஏற்றி வைத்த மாற்றம் ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பெயர்: யேசுதாசன் சர்மிளா. நேரம், எங்கள் வேதக்கோயில் திருநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்த நேரம்.

அந்த நேரம் அவள் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேத வாசகம் படித்துக்கொண்டிருந்தாள். லயமே பார்த்தது, சைவச் சாமி கும்பிடுகிற அழகமுத்து அண்ணன்கூட சர்பத் கரைக்க வந்து நின்று பார்த்தார். கம்ப்யூட்டர் வீட்டில் பூட்டிக் கிடந்தது. சாவி ஆணியில் தொங்கியது.

அவள் உடனே கொழும்பிலுள்ள மேலதிகாரி ஹபீலாவுக்குச் சொன்னாள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

"சான்றிதழ் சரிபார்க்கிறத நீங்க ஓஃப் பண்ணி வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க மிஸ்."

"அப்ப உங்கட பாஸ்வேர்ட நீங்களே அந்தப் பெட்டிக்குத் தூக்கிக் குடுத்திருக்கிறீங்க. அதை வச்சு எங்கயிருந்தும் யாரும் உங்கட பேர்ல வரலாம்."

கம்பனி ப்ரோகிராமைப் பழையபடி மாற்றியது. வெட்டின கிலோவையெல்லாம் திரும்பப் போடுவதாகச் சொன்னது. சர்மிளாவின் வேலையை, விசாரணை முடியும்வரை என்று சொல்லி நிறுத்தியது. கிலோவை வெட்டி யாருக்கு என்ன லாபம், தினேஷ் யாருக்காக வந்தான், கம்பனிக்குள்ளே இருக்கிறவனுக்கா தோட்டத்துக்குள்ளே இருக்கிறவனுக்கா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அழகமுத்து அண்ணன் பெட்டியைப் பிடுங்கினார். தினேஷின் போன் வேலை செய்யவில்லை, பெல்மதுளையில் அப்படி ஒரு கடையும் இல்லை. கீழ் டிவிசன் லயத்தில் அதே மாதிரி ஒரு பெட்டி இன்னும் வெட்டி வெட்டி எரிகிறதாம்.

சர்மிளா பேசாமல் இருந்திருக்கலாம். தோட்டத்தில் நாலு நாள் பேசுவார்கள், பிறகு வேறு பேச்சு வரும். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. சாயங்காலம் எல்லாரும் கொழுந்து நிறுக்க வந்திருக்கும்போது மடுவத்துப் படியில் ஏறி நின்றாள்.

"ஒங்க கிலோவ நான் வெட்டல. ஆனா வெட்டுனவன் என்னோட பாஸ்வேர்ட வச்சித்தான் உள்ள வந்தான். அந்தப் புதுப் பெட்டி அத எடுத்துக் குடுத்திருக்கு. கம்ப்யூட்டர் எனக்கு எச்சரிக்க சொல்லிச்சி. நான்தான் அத நிப்பாட்டுனேன். தப்பு என்னோடது."

கலைச்செல்விதான் முதலில் கேட்டாள்.

"பெட்டி யார் வீட்டுல இருந்துச்சி?"

சர்மிளா வாயைத் திறக்குமுன் அவளே மேலே கேட்டாள்.

"ஒன் வீட்டுச் சாவி எங்க இருந்துச்சி? கோயிலுக்குப் போன அன்னைக்கு ஒன் கம்ப்யூட்டர் தனியாத்தானே கெடந்துச்சி?"

"சாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா! வீட்டுக்குள்ள யாரும் வரல. வெளியில இருந்துகிட்டே செய்யலாம். தங்கம்மா அத்தைக்கு ஒண்ணுமே தெரியாது!"

அவள் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகத்தான் போனது. காற்றில் போகிற பாஸ்வேர்டை எங்கள் பெண்கள் யாரும் கண்டதில்லை. கதவையும் சாவியையும் கண்டிருக்கிறார்கள். நான் கத்தினேன், "பாவத்தக் கட்டிக்காதீங்கடி, அந்த மனுசி ஒங்க புள்ளைங்களுக்குச் சோறு போட்டவ" என்று. என் தொண்டைதான் வலித்தது.

அன்று பொழுது சாயும்போது ஒவ்வொருத்தியாகக் கடைசிக் காம்பராவுக்குப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. "உறவுக்காரங்க வர்றாங்க", "பூட்டு மாத்தணும்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தங்கம்மாக்கா கதவோரம் நின்று, அவரவர் சாவியைத் தானே எடுத்துக் கொடுத்தார். யார் சாவி எது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும்.

மறுநாள் ஹில்டா மலைக்குப் போனபின், எங்கும் போகவேண்டிய தேவையே இல்லாத சர்மிளா வீட்டைப் பூட்டினாள். லயத்தில் இருந்தவர்கள் பார்க்க நடந்துபோய் வெறும் ஆணிகளுக்கு நடுவில் தன் வீட்டுச் சாவியை மாட்டினாள். பிள்ளைக்காம்பராவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கம்மாக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கையில் அந்தச் சாவி.

"இதையும் நீயே வச்சுக்கோ புள்ள."

"அத்த, நான் ஒங்கள ஒரு நிமிசங்கூட..."

"நீ நம்புறது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஒங்க வீட்டுல ஒரு ஊசி காணாமப் போனாலும் எங்க வீட்டப் பாத்துத்தான் கைய நீட்டுவாங்க. எனக்கு அதத் தாங்குற தெம்பு இல்லம்மா."

சாவியைச் சர்மிளாவின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சிறு வயதில் அழாத பிள்ளை அன்று என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். குழந்தைகள் பயந்துபோய் அவளைப் பார்த்தன.

அடுத்த நாள் விடிகாலையில், பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம், லயம் முழுக்கப் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது. பூட்டுச் சத்தம் புதிதில்லை, அதன்பின் கடைசிக் காம்பராப் பக்கம் நடக்கும் காலடிச் சத்தம்தான் இல்லை. பெண்கள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். எல்லாரும் போனபின்னும் கடைசிக் காம்பராவிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். அழகமுத்து அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.